முடி முதலில் போய்ச் சேர்ந்தது

நான் வேலைக்குப் போகும் வழியில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே ஒரு சலூன் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ட்ராம் பிந்தும் நாட்களில் உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு கிழவியின் வெள்ளை முடி, ஒரு பெடியனின் செம்பட்டை முடி, யாரோ ஒருத்தியின் சாயம் பூசிய முடி எல்லாம் ஒரே தரையில் விழும். அங்கே வேலை செய்யும் பெட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, காலால் மிதித்தால் வாய் திறக்கும் குப்பைவாளிக்குள் தள்ளுவாள். முடிக்குச் சொந்தக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். கண்ணாடியில் தன் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, சந்தோசமாக வெளியே வருவார். இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டுவதும், சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டே பெரிய சத்தத்தோடு மூக்குச் சீறுவதும், காலநிலையைத் திட்டிக்கொண்டே அந்த மழைக்குள் நடக்கப் போவதும் எனக்குப் பழகிவிட்டன. அந்தக் குப்பைவாளி மட்டும் பழகவில்லை.

அதற்குக் காரணம் என் மகள் ஆரணியின் முடி. அவளுக்கு ஆறு வயது வரும்வரைக்கும் அந்த முடியில் கத்திரிக்கோல் பட்டதில்லை. நுனிகூட வெட்டியதில்லை. கிண்டர்கார்டனில் ஆசிரியை ஒருத்தி, வெயில் காலத்தில் பிள்ளைக்கு வேர்க்குமே, கொஞ்சம் வெட்டினால் என்ன என்று பலமுறை கேட்டிருக்கிறாள். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அந்த முடி என்னுடையது இல்லை, ஆரணியுடையதும் இல்லை, வடமராட்சியில் இருக்கும் ஒரு அம்மனுக்கு என் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலே இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஆரணிக்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் முறை தங்கியபோது பயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் ரெலிபோனில் சொன்னேன். அவர் ஊரில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். சொன்ன கையோடு பஸ்ஸைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கே விசயம் தெரியும்.

"உன்னைக் கேக்காமல் நேந்திட்டன் பிள்ளை, கோவிக்காதை. குழந்தை தங்கினால் முதல் முடியைப் பங்குனித் திங்களிலை இங்கை கொண்டந்து இறக்கிறதெண்டு சொல்லிப்போட்டன். அதுவரைக்கும் அதிலை கத்திரிக்கோல் படக்கூடாது" என்றார்.

இவர், அதாவது என் கணவர், கொஞ்சம் நடைமுறை பார்க்கிற மனிதர். "இஞ்சை ஜெர்மனியிலையே ஊன்ட்றொப்பிலை காமாட்சி அம்பாள் இருக்கிறா மாமா. ஒரு மணித்தியாலத்திலை போயிடலாம். அங்கை இறக்குவமே? எல்லாம் ஒரு அம்மன்தானே" என்று கேட்டார்.

"ஊன்ட்றொப் அம்மன் நல்ல அம்மன்தான் தம்பி. திருவிழா வீடியோ எல்லாம் பாக்கிறனான். ஆனால் நான் கதைச்சுப் பேசினது இவவோடையெல்லோ" என்றார் அப்பா. இவர் ஊன்ட்றொப் கதையை அதோடு விட்டுவிட்டார்.

போக வேண்டும், போக வேண்டும் என்றுதான் இருந்தோம். முதல் வருடம் குழந்தை மிகவும் சின்னது என்றோம். பிறகு கொரோனா வந்தது. பிறகு இவருடைய தொழிற்சாலையில் லீவு தரவில்லை. பிறகு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. இங்கே பள்ளிக்கூடம் என்றால் சும்மா இல்லை. கோயில் நேர்த்திக்காக ஒரு கிழமை பிள்ளையை வீட்டில் மறித்தால் தண்டம் கட்ட வேண்டும். பங்குனித் திங்களும் ஈஸ்டர் விடுமுறையும் ஒன்றாக விழும் வருடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல காலம், அவள் முதலாம் வகுப்பில் இருந்த வருடமே அப்படி விழுந்தது, டிக்கெட் போட்டோம்.

அப்பாவும் ஆரணியும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் அவர்களுக்கு இடையில் நானோ இவரோ நுழைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் அழைப்பார். முதலில் வாயால் ஹோர்ன் அடிப்பார். பிறகு கண்டக்டர் மாதிரிக் கூவுவார்: "ஏறு ஏறு, பின்னுக்கு இடமிருக்கு." ஆரணி ஓடி வந்து போனுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பின்னலை அவிழ்த்து முடியைத் தொங்கவிடுவாள். அப்பா கண்ணைச் சுருக்கி அளந்து பார்ப்பார். "தோளைத் தாண்டியிட்டுது. இன்னும் காணாது. இடுப்புக்கு வரோணும். உன்ரை முடிதான் டிக்கெட். டிக்கெட் இல்லாமல் அம்மப்பான்ரை பஸ்ஸிலை ஏற ஏலாது." அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு முன் கழுத்தை முறித்துத் தன் இடுப்பைப் பார்ப்பாள். அந்த வருடம் தை மாதம் முடி இடுப்பைத் தொட்டது. அவள் வீடெல்லாம் ஓடி ஹோர்ன் அடித்தாள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து முறைப்பாடு சொன்னார்.

அதற்கு அடுத்த மாதம் அவளுடைய காலில் நீலம் பாரித்த கண்டல்கள் வந்தன. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு பல்லுத் தீட்டும்போது இரத்தம் நிற்கவில்லை. குழந்தை வைத்தியர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இரத்தப் புற்றுநோய். அந்தச் சொல்லை அவர்கள் மெதுவாக, பிள்ளைக்கும் கேட்கும்படி, அவளுடைய கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெண் வைத்தியரின் வாயைப் பொத்த வேண்டும் போல் இருந்தது. எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கு முன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அன்று பின்னேரம் இவருடைய மூத்த தமையன் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அகதி முகாமில் பட்டதையெல்லாம் தன் தாயிடம் ஒருநாளும் சொல்லாதவர். ஹோட்டலில் கோப்பை கழுவியபோது மனேச்சராக இருப்பதாகக் கடிதம் போட்டவர். எங்கள் குடும்பத்தில் எது ஊருக்குப் போக வேண்டும், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

"அங்கை பிள்ளையின்ரை அம்மப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. அந்த மனுசன் ஏற்கெனவே மனுசியை இதுக்குத்தான் குடுத்தது. கேட்டால் அந்த இடத்திலேயே விழுந்திடும்" என்றார்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். என் அம்மாவும் இதே வகை நோயில்தான் போனார். நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிது. வதிவிட அனுமதி இன்னும் கையில் வராத காலம். ரெலிபோன் எடுத்தால் அப்பா சொல்வார்: "அம்மா கோயிலுக்குப் போட்டா." அடுத்த முறை, "அம்மா குளிக்கிறா." செத்த வீடு முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னார். கொழும்பு ஆஸ்பத்திரியில் அம்மாவின் முடி எப்படித் தலையணையில் கொட்டியது, அவர் கண் விழிக்க முதல் தான் எப்படி எல்லாவற்றையும் பொறுக்கி ஒளித்தார் என்று. நான் போனில் கத்தினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை, நான் யார், பிறத்தியாளா என்று கேட்டேன். "தூரத்திலை தனிய இருக்கிற பிள்ளைக்கு இதையும் சுமக்கக் குடுக்கோணுமோ?" என்றார். அந்தக் கோபம் எனக்கு வருடக்கணக்காக ஆறவில்லை. ஆனால் பெரியண்ணை சொன்னபோது தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அப்பாவிடம் பொய்கள் ஒவ்வொன்றாகப் போயின. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் பரவுகிறது, பயணத்தைப் பிற்போட்டுவிட்டோம். போனில் கமெரா பழுது. ஆரணிக்குத் தொண்டை நோ, கனக்கக் கதைக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு குரலால் மட்டும் பேசினாள். ஆஸ்பத்திரியில் இருப்பதை அம்மப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். வைத்தியர்கள் அவளிடம் எதையும் மறைப்பதில்லை. எந்த மருந்து எப்போது ஏறும், எப்போது குமட்டிச் சத்தி வரும் என்றெல்லாம் பொம்மையை வைத்துக் காட்டினார்கள். இங்கே எல்லோரும் அவளுக்கு உண்மை சொன்னார்கள், நாங்கள் அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கினோம்.

மருந்து ஏறத் தொடங்கிச் சில கிழமைகளில் முடி கொட்டத் தொடங்கியது. இடுப்பளவு முடி. சும்மா கொட்டாது. சிக்குப்பட்டு, கழுத்தில் சுற்றி, தலையணையில் பாயாகக் கிடந்தது. தாதி ஒருத்தி முடி வழிக்கும் மெசினைக் கொண்டு வந்தாள். வழித்துவிட்டால் பிள்ளைக்குத் தலை கடிக்காது, அரிக்காது என்றாள். "நைன்", வேண்டாம் என்றேன். சரி, தோளோடு வெட்டிவிடுவோமா என்றாள். அதற்கும் "நைன்." சமயக் காரணமா என்று கேட்டாள். ஓம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல், "ஓப்பா" என்றேன். இது பிள்ளையின் தாத்தாவுடைய விசயம், அவர் கொடுத்த வாக்கு என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். தாதி என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு மெசினைக் கொண்டுபோய்விட்டாள்.

அடுத்த நாள் ஃபிறவ் கெல்லர் வந்தார். பிள்ளைகளின் மனநிலையைப் பார்க்கும் உளவியலாளர். மென்மையான மனுசி. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, உங்கள் குடும்பத்தில் தகப்பனார் சொல்வதுதான் சட்டமா என்று கேட்டார். பெண் பிள்ளை முடி வெட்டுவதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா? பிள்ளைக்குத் தாத்தாவில் பயமா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயால் ஹோர்ன் அடிக்கும் மினிபஸ் சாரதியை அந்த மனுசி கையில் பிரம்போடு நிற்கும் கொடுங்கோலனாகக் கற்பனை செய்துவிட்டார். நான் அழுததைப் பார்த்து, தான் நினைத்தது சரி என்று உறுதி செய்துகொண்டார். ஏதோ எழுதிக்கொண்டார். முடி திரும்ப முளைக்கும் என்று என் கையைத் தட்டிச் சொன்னார். முளைக்கும் என்று எனக்குத் தெரியும். முளைப்பது இரண்டாவது முடி. நேர்ந்தது முதல் முடியை.

கத்திரிக்கோல் படாமல், சீப்பு மட்டும் போட்டு, கொட்டக் கொட்டச் சேர்த்தேன். ஒரு வெள்ளைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்தேன். தலையில் ஒன்றும் இல்லை என்று ஆன நாளில், ஆரணி அந்த உறைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அம்மா, இனி எனக்கு டிக்கெட் இல்லையா?"

விளங்கவில்லை என்றேன்.

"அம்மப்பா முடி இருந்தாத்தானே பஸ்ஸிலை ஏத்துவார். இனி நான் அங்கை போக ஏலாதா? அம்மப்பா இனி என்னோடை கதைக்க மாட்டாரா?"

அவள் மொட்டைத் தலைக்கு அழவில்லை. ஊசிக்கு அழவில்லை. அப்பா விளையாட்டுக்குச் சொன்ன ஒரு சொல்லை இவ்வளவு காலமும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, இப்போது அதற்கு அழுதாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. அம்மப்பா சொன்னால்தான் நம்புவேன் என்றாள். அம்மப்பாவிடம் கேட்க வேண்டும் என்றால் மொட்டைத் தலையைக் காட்ட வேண்டும். அதைக் காட்டினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹோர்ன் அடித்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "பிள்ளை நித்திரையப்பா" என்றேன். "இந்த நேரத்திலையோ?" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். இங்கிருந்து ஊருக்குப் போகும் ஒருவரிடம் முடியைக் கொடுத்துவிடுவது. பள்ளிக்கூடத்தில் பேன் தொல்லை, வெட்ட வேண்டி வந்துவிட்டது, நீங்களே கோயிலில் கொடுத்துவிடுங்கோ அப்பா என்று சொல்வது. நேர்த்தியும் நிறைவேறும், மொட்டைத் தலைக்கும் ஒரு காரணம் கிடைக்கும், பிள்ளையும் கமெராவுக்கு முன் வரலாம். பெரியண்ணை நல்ல யோசனை என்றார். முடியைச் சிக்கெடுத்து, சிவப்பு நூலால் கட்டி, சந்தனம் தடவி, ஒரு சேலைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினேன்.

பெட்டி கிடைத்த அன்று அப்பா ஞாயிறுவரைக்கும் காத்திருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் ஆரணிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். ஹோர்ன் இல்லை.

"பிள்ளை, முடி வந்தது."

"ஓமப்பா. பள்ளிக்கூடத்திலை ஒரே பேன். வேற வழியில்லாமல் வெட்டினது."

"வெட்டின முடி ஒரு பக்கம் மட்டமா இருக்கும். இது எல்லாம் வேரோடை வந்திருக்கு."

கையில் இருந்த சோற்றுத் தட்டை மேசையில் வைத்தேன்.

"உன்ரை அம்மான்ரையை எத்தினை விடியப்புறம் பொறுக்கினனான் நான். எனக்குத் தெரியாதோ?" என்றார். அவருடைய குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எவ்வளவு காலமா?"

சொன்னேன். ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விழவில்லை. பெரியண்ணை சொன்ன மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அம்மான்ரை விசயத்தை நான் உனக்கு மறைச்சனான். இப்ப நீ எனக்கு மறைச்சிருக்கிறாய். சரி, போகட்டும். பிள்ளையைக் காட்டு. கமெரா பழுதெண்டு இனியும் சொல்லாதை" என்றார்.

ஆரணி வர மறுத்தாள். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் இருந்துகொண்டே, "எனக்கு டிக்கெட் இல்லை" என்றாள். நான் அப்பாவுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு அங்கே எதையோ தேடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"குஞ்சு, இஞ்சை பார். டிக்கெட் இல்லையெண்டு ஆர் சொன்னது? டிக்கெட் முதலே வந்து சேர்ந்திட்டுது. இந்தா என்ரை கையிலை இருக்கு. இனி ஆள்தான் வரோணும்."

போர்வை விலகியது. திரையில் அப்பா ஒரு கண்ணாடிப் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் அவளுடைய முடி சுருண்டு கிடந்தது. அப்பா அவளுடைய தலையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, வழக்கம் போல அளப்பது போலப் பார்த்தார். "அடி, உனக்குத் தலை என்ரை தலை மாதிரியல்லோ, நல்ல உருண்டை" என்றார். அவள் சிரித்தாள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அந்தக் கட்டிலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அம்மனுக்குக் குடுத்திட்டீங்களா அம்மப்பா?"

"சீச்சீ. நீயில்லாமல் நான் தனிய ஏன் குடுக்கிறன்? அம்மனிட்டைத் தவணை கேட்டிட்டன். ஓமெண்டிட்டா. நீ வா, ரெண்டு பேருமாப் போய்க் குடுப்பம். அதுவரைக்கும் நான் இதைப் பாத்துக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் தலைகீழாகின. முன்பு அவள் முடியைக் காட்டுவாள், அவர் பார்ப்பார். இப்போது அவர் போத்தலைக் காட்டினார், அவள் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, எறும்பு போகவில்லையா, வெயில் படவில்லையா என்று கேள்வி கேட்டாள். அவர் போத்தலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சத்தி எடுத்துக் களைத்துக் கிடக்கும் நாட்களிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். ஃபிறவ் கெல்லர் ஒருநாள் தற்செயலாக இதைப் பார்த்தார். ஒரு கிழவர் முடி அடைத்த போத்தலைப் பிள்ளைக்கு ஆட்டிக் காட்டுவதைக் கண்டு அவருடைய முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. இம்முறை நான் ஒன்றும் விளக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்தார், எழுதவில்லை.

அப்பாவை இங்கே கூப்பிடவும் முயன்றோம். விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவர் பக்கத்து வீட்டு ரஞ்சி அக்காவிடம் குளிருக்கு என்ன உடுப்பு வாங்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். போத்தலைக் கையில் கொண்டு வருவதா, வீட்டில் விட்டு வருவதா என்று ஆரணியிடம் கேட்டார். "விட்டிட்டு வாங்கோ. அதை எடுக்க நான் அங்கை வரோணுமெல்லோ" என்றாள் அவள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மூன்று தெரு தள்ளிப் பேரப்பிள்ளைகள் இருந்தும் கிறிஸ்மஸுக்கு மட்டும் காணக் கிடைக்கும் கிழவர்கள் அங்கே உண்டு. ஒருநாள் மத்தியானம் அவர்களுக்கு அப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது ரஞ்சி அக்கா அழைத்தார்.

"பிள்ளை, மனதைத் திடப்படுத்திக்கொள். அப்பா விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவர். என்னோடை வேலியடியிலை நிண்டு கதைச்சவர். பிறகு போய்ப் பாக்க, கதிரையிலை இருந்தபடியே போய்ச் சேர்ந்திட்டார்."

கேக்கை வெட்டி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. எல்லோருடைய தட்டிலும் வைத்துவிட்டு, குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் போகவில்லை. ஆரணிக்கு அடுத்த சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரத்தத்தில் நோயை எதிர்க்கும் சக்தி அறவே இல்லாத நாட்கள். அம்மாவுக்கும் போகவில்லை, அப்பாவுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில், குடிநீர் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ ஒருவரின் போன் வழியாக அப்பாவை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். தாதி ஒருத்தி வந்து, இங்கே போன் பார்ப்பதென்றால் சத்தத்தைக் குறையுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். பறைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

பெரியண்ணை வந்தார். என் தோளில் கை வைத்து அழுதார். பிறகு சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. வைத்தியம் முடியட்டும். கமெரா பழுதெண்டு சொல்லலாம்."

அதே சொல். நான் அவரைப் பார்த்தேன். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஃபிறவ் கெல்லரோ வேறு பக்கத்தில் நின்று, பிள்ளைக்கு உடனே, தெளிவாக, "தூங்கிவிட்டார்" என்பது போன்ற மழுப்பல் இல்லாமல் சொல்ல வேண்டும் என்றார். சொல்வதற்குப் படப் புத்தகம் ஒன்றும் தந்தார். அதில் ஒரு முயலின் தாத்தா செத்துப் போகிறார். எனக்கு இரண்டு பேரையும் அறையை விட்டுப் போகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஒருவர் என்னுடைய ஊர், மற்றவர் நான் இருக்கும் நாடு. இரண்டுக்கும் என்னுடைய பயம் தெரியாது. இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் மருந்தைக் குடித்தது எதற்காக என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆரணி தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, போனை மடியில் வைத்துக் காத்திருந்தாள். நேரம் போனது. "அம்மப்பா பிந்திப்போனார்" என்றாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கமெரா" என்று தொடங்க வாய் எடுத்தேன். தொடங்கவில்லை. புத்தகத்தையும் எடுக்கவில்லை. கட்டிலில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அம்மப்பா செத்துப்போனார் என்று சொன்னேன். கதிரையில் இருந்தபடி, நோகாமல், தேத்தண்ணி குடித்த பிறகு என்று சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமை ஹோர்ன் வராது என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"அப்ப என்ரை முடியை ஆர் பாக்கிறது?"

நான் ரஞ்சி அக்காவை அழைத்தேன். அவர் திறப்பை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் வீட்டைத் திறந்தார். போன் ஆடிக்கொண்டே உள்ளே போனது. அப்பாவின் கதிரை, கொடியில் அவர் சாரம், சுவரில் அம்மாவின் படம் எல்லாம் வந்து போயின. ஆரணி தான் ஒருநாளும் காலடி வைக்காத அந்த வீட்டுக்குள் போத்தல் எங்கே இருக்கும் என்று வழி சொன்னாள். "நேரை போங்கோ. சாமிப் படத்தடி. வலப் பக்கம்." ரஞ்சி அக்கா எடுத்துக் காட்டினார். மூடி இறுக்கமாக இருந்தது. அப்பா பிடிக்கும் இடத்தில் இன்னொருவரின் கை இருந்தது. அப்போதுதான் ஆரணி அழத் தொடங்கினாள்.

"எங்கடை வீட்டுக்குக் கொண்டு போகட்டோ, பிள்ளை?" என்று ரஞ்சி அக்கா கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் விம்மலுக்கு நடுவில். "அங்கையே இருக்கட்டும். நான் வாறன்."

ரஞ்சி அக்கா போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினார். பூட்டும் சத்தம் இங்கே கேட்டது. வைத்தியர்கள் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையைப் பார்ப்போம் என்கிறார்கள். நேற்று அவளுடைய தலையைத் தடவியபோது உள்ளங்கையில் மெல்லியதாக ஏதோ குத்தியது. இரண்டாவது முடி முளைக்கிறது. அது இந்த நாட்டில் முளைத்த முடி, யாருக்கும் நேராத முடி, விரும்பினால் சலூனில் கொடுத்துக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு வரலாம். முதல் முடி, யாரும் இல்லாத ஒரு வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால், சாமிப் படத்துக்குக் கீழே, ஆள் வரும்வரை இருந்துகொண்டிருக்கிறது.